பதக்கத்தின் பின்புறம்

மீட்புப் பணி செய்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு விருது வடிவமைக்க வேண்டும் என்றதும் நம் ஓவியர்களுக்கு இரண்டு கைகள் ஞாபகம் வருகின்றன. நம் கவிஞர்களுக்குக் கடவுள் ஞாபகம் வருகிறார். கமிட்டித் தலைவருக்குத் தன் பெயர் எங்கே பொறிக்கப்படும் என்பது ஞாபகம் வருகிறது. இந்த மூன்று ஞாபகங்களும் கூடிச் செய்த பொருள்தான் நாம் பார்த்துப் பழகிய கேடயம். மரப்பலகை, அதன்மேல் பித்தளைத் தகடு, தகட்டில் விரிந்த உள்ளங்கைகள், கைகளுக்கு நடுவே ஒரு தீபமோ குழந்தையோ பூமி உருண்டையோ. இதைக் கையில் கொடுத்து, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்து முடித்ததும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. நான் எதிர்ப்பது இந்தக் கணக்குத் தீர்ப்பை.

கவிதையும் விமர்சனமும் போடுகிற பத்திரிகையில் கேடயம் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கேடயத்தைக் கடைக்காரர் செய்துவிடுகிறார். அதில் என்ன எழுதுவது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். பாராட்டு வாசகம், நினைவு மலர்க் கவிதை, மேடையில் வாசிக்கும் வரவேற்புரை எல்லாம் எழுதத் தெரிந்தவர்களின் கைவேலை. நம்மிடையே சிலர் இதைச் சந்தோஷமாகச் செய்து கொடுக்கிறார்கள்; சமூகப் பிரக்ஞையோடு செயல்பட்டதாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே இது மொழி பற்றிய பிரச்னை. படிமம் எது, அலங்காரம் எது என்று இந்தப் பக்கங்களில் நாம் ஓயாமல் போட்டுக்கொள்ளும் சண்டைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஓர் உவமை பொய்யானால் ஒரு கவிதை கெடும், அவ்வளவுதான். ஒரு பாராட்டு வாசகம் பொய்யானால், நெஞ்சில் புகையை வாங்கிக்கொண்டு வந்தவன் மருந்துக்குக் காசில்லாமல் நிற்பதை அது மறைத்துவிடும்.

1

முதலில் கைகள். உயிர் காத்த குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஜீவன் ரக்ஷா பதக்க வரிசை 1961-இல் ஏற்படுத்தப்பட்டது. சர்வோத்தமம், உத்தமம், அடைமொழி இல்லாதது என்று மூன்று படிகள். காப்பாற்றியவரின் உயிருக்கு மிகப் பெரும் ஆபத்து இருந்ததா, பெரும் ஆபத்தா, பலத்த காயம் படும் அளவுக்கு ஆபத்தா என்று பார்த்துப் படி தீர்மானமாகும். ராணுவம், போலீஸ், தீயணைப்புத் துறை ஆட்கள் கடமையின்போது செய்தது இதில் சேராது. பதக்கத்தின் முன்புறத்தில் ஓர் அபய ஹஸ்தம். அதற்கு மேலே, 'பயப்படாதே' என்று பொருள்படும் 'மா பைஷீ' என்ற வடமொழி வாசகம். பின்புறத்தை அரசுச் சின்னமும் 'சத்யமேவ ஜயதே'யும் நிரப்பிக்கொள்கின்றன.

அபய ஹஸ்தம் அழகான வடிவம். நம் சிற்ப மரபில் அதற்கு இருக்கும் கௌரவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய கை என்று யோசிக்க வேண்டாமா? அது ஆபத்தில் இல்லாத ஒருவரின் கை. நிமிர்ந்து, வெளியே பார்த்து, அசையாமல் நிற்கிறது. எதையும் தொடுவதில்லை. பயமே இல்லாத ஒன்று, பயந்து நிற்கும் பக்தனைப் பார்த்துப் பயப்படாதே என்கிறது. மீட்கிறவனுடைய கையோ கீழே இறங்குகிறது. சேற்றில், இடிபாட்டில், இருட்டுத் தண்ணீரில் துழாவுகிறது. தலைமயிரையோ சட்டைக் காலரையோ கிடைத்த இடத்தில் பிடிக்கிறது. வழுக்கினால் மறுபடி பிடிக்கிறது. அந்தக் கைக்கு உரியவனும் பயந்துகொண்டேதான் இருக்கிறான். அவனுடைய பயத்தை அழித்துவிட்டு ஒரு தெய்வத்தின் கையை எடுத்துப் பதக்கத்தில் பொறிப்பது அவனைக் கௌரவிப்பதாகாது. அவன் இருந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைப்பது அது.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1866-இல் பிரிட்டனில் ஆல்பர்ட் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது, கடலில் உயிர் காத்தவர்களுக்காக. விக்டோரியாவின் மறைந்த கணவர் பெயர் அதற்கு. வி, ஏ என்ற இரு எழுத்துகள் பின்னிக் கிடக்க, கூடவே ஒரு நங்கூரம். 1877-இல் வேல்ஸ் நாட்டில் டைனவித் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, சக தொழிலாளர்கள் பாறையை வெட்டிக்கொண்டு போய் உள்ளே அகப்பட்டவர்களை மீட்டார்கள். அதையொட்டி நிலத்தில் உயிர் காத்தவர்களுக்கும் பதக்கம் விரிவாக்கப்பட்டது. விரிவாக்கும்போது வடிவத்தில் என்ன செய்தார்கள்? நங்கூரத்தை எடுத்துவிட்டார்கள், நாடாவின் நீலத்தைச் சிவப்பாக்கினார்கள். ராணியும் இளவரசரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் கோடரிக்கு அந்த வட்டத்துக்குள் இடம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தச் சாம்ராஜ்யப் பதக்கம் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. அதன் பின்புறத்தில் பெற்றவர் பெயர், இடம், காலம், செய்த காரியம் இவற்றைச் செதுக்கித் தந்தார்கள். முன்புறம் அரண்மனைக்கு, பின்புறம் ஆளுக்கு. நாம் முன்புறத்து அலங்காரத்தைச் சுதேசியாக்கிக்கொண்டோம். பின்புறத்தில் ஆள் இருந்த இடத்தை ராஜ்யத்துக்கே கொடுத்துவிட்டோம்.

2

இனி நம் சொந்தச் சரக்கான வாசகம். 'தன் உயிரைத் துச்சமென மதித்து' என்று ஆரம்பிக்காத பாராட்டுப் பத்திரம் தமிழில் அபூர்வம். இந்தத் தொடரை எழுதுகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அதன் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை. உயிரைத் துச்சமென நினைக்கிறவன் இன்னொருவன் உயிருக்காக ஏன் தண்ணீரில் இறங்குகிறான்? உயிர் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவன்தான் இறங்குகிறான். தன்னுடையதும் அதே எடை என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான்.

1989 நவம்பரில் வங்காளத்து ராணிகஞ்ச் பகுதியில் மஹாபீர் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. 71 பேர் உள்ளே அகப்பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர், மேலிருந்து துளையிட்டு, அதன் வழியாக ஓர் ஆள் நிற்கும் அளவில் இரும்புக் கூண்டு ஒன்றை இறக்கி 65 பேரையும் வெளியே கொண்டுவர வழி செய்தார். கூண்டை அவசர அவசரமாகப் பட்டறையில் அடித்துச் செய்தார்கள். அவரே கீழே இறங்கி நின்று ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 1991-இல் அவருக்குச் சர்வோத்தம ஜீவன் ரக்ஷா பதக்கம் தந்தார்கள். இந்தச் செயலில் எது துச்சம்? துளையின் விட்டம், கூண்டின் அகலம், கம்பிக் கயிற்றின் பலம், யார் முதலில் யார் பிறகு என்ற வரிசை எல்லாமே கணக்கு. தைரியம் அந்தக் கணக்குக்கு உள்ளேதான் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு 'துச்சமென மதித்து' என்று எழுதுகிறவன் ஒரு மூளையை, ஒரு தொழிலறிவை, ஒரு மனிதனின் முழு ஜாக்கிரதையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தீப்பந்தத்தை நட்டுவைக்கிறான்.

அடுத்தது 'கடவுளின் மறு உருவம்'. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது கொல்லம், விழிஞ்ஞம் கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனார்கள். குமரி மாவட்டக் கரையிலிருந்தும் போனார்கள். அதற்கு ஒன்பது மாதத்துக்கு முன்புதான் ஒக்கிப் புயல் அவர்களில் பலருடைய வீடுகளில் ஆளெடுத்திருந்தது. சுமார் 4,500 மீனவர்கள், 669 படகுகள், மீட்கப்பட்டவர் 65,000 பேர் என்பது அன்று வெளியான கணக்கு. கடலுக்கென்று கட்டிய படகுகள் மதில்களிலும் மின்கம்பங்களிலும் மோதிச் சிதைந்தன. படகு ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. மனிதர்களைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர்கள் தரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலின் மேன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கேட்டு நம் மத்தியதர வர்க்கம் அடைந்த பரவசம்தான் சந்தேகத்துக்குரியது. காப்பாற்றப்பட்ட செய்தியைவிடக் கூலியை மறுத்த செய்தியை நாம் ஏன் அதிகம் கொண்டாடினோம்? உழைப்பவன் கூலியை மறுக்கும்போது நமக்கு ஏன் கண்ணில் நீர் வருகிறது? வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. வள்ளம் ஒரு மூலதனம். பெரும்பாலும் கடனில் வாங்கியது. இயந்திரத்துக்குத் தவணை, வலைக்குத் தவணை, நாள் வட்டி. ஆளைக் கடவுளாக்கிவிட்டால் தவணை பற்றிப் பேச வேண்டியதில்லை. கடவுளுக்குக் கொடுப்பது காணிக்கை, அது கொடுப்பவன் இஷ்டம். மனிதனுக்குக் கொடுக்க வேண்டியது கூலி, அது வாங்குபவன் உரிமை. நம் கவிஞர்கள் எழுதிக் குவித்த வெள்ளக் கவிதைகள் இந்த ஓர் இடமாற்றத்தைத்தான் செய்தன, தெரிந்தோ தெரியாமலோ.

மறு வருஷம் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் இந்த மீனவர்களை நோபல் சமாதானப் பரிசுக்கே பரிந்துரை செய்தார். அதே சமயம் கேரளக் கடலோரப் போலீஸுக்கு மீனவர்களிலிருந்து வார்டன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒப்பந்த வேலைதான், எல்லோருக்கும் கிடைத்ததுமில்லை. இருந்தாலும் இந்த இரண்டில் எது நன்றி என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். அதில் மீனவன் மீனவனாகவே, அலையும் சுழியும் தெரிந்தவனாகவே மதிக்கப்படுகிறான். அவன் அறிவுக்கு ஒரு சம்பளம் போடப்படுகிறது.

3

வடிவமைப்பே வீண் வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பதக்கம் உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. அது சோவியத் ருஷ்யாவிலிருந்து வந்தது.

1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதை அணைக்கவும் மூடவும் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்யவும் அடுத்த சில வருஷங்களில் அனுப்பப்பட்டவர்களில் சுமார் 6,00,000 பேர் அந்தப் பணி செய்தவர்கள் என்று அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டார்கள். சிதறிய கிராஃபைட் துண்டுகளை அடுத்த உலையின் கூரையிலிருந்து தள்ள இயந்திரங்களை ஏற்றிப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் இயந்திரங்கள் செயலிழந்தன. பிறகு மண்வெட்டியோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை முறை வைத்து ஏற்றினார்கள். சிலருக்கு 40 விநாடி, சிலருக்கு ஒன்றரை நிமிஷம். ஓடிப்போய், ஒரு மண்வெட்டி அள்ளிப் போட்டுவிட்டு, ஓடிவர வேண்டும்.

இவர்களுக்குத் தரப்பட்ட சின்னத்தின் நடுவில் ஒரு ரத்தத் துளி. அதை ஊடுருவி மூன்று கோடுகள். ஆல்ஃபா ஒரு பக்கம் வளைகிறது, பீட்டா மறுபக்கம் வளைகிறது, காமா நேராகப் போகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்துப் படம், அவ்வளவுதான். கைகள் இல்லை, தீபம் இல்லை, சூரியோதயம் இல்லை, தலைவர் இல்லை. உங்கள் உடம்பு வழியாக இது போயிற்று என்று மட்டும் சொல்கிறது. நன்றி சொல்லும் பொருள்களில் இதைவிடச் சுத்தமான படிமத்தை நான் அறியேன். செய்த காரியத்தை அது புகழவில்லை. காரியம் செய்தவனுக்கு நேர்ந்ததை ஒப்புக்கொள்கிறது.

ஆனால் படிமம் சுத்தமாக இருந்தது போதவில்லை. அந்த ரத்தத் துளியை வடிவமைத்த ராஜ்யம் சில வருஷங்களில் இல்லாமல் போயிற்று. சின்னத்தை வாங்கியவர்களின் வைத்தியமும் பென்ஷனும் அடுத்தடுத்து வந்த அரசாங்கங்களின் கையிருப்பைப் பொறுத்த விஷயமாயின. 2011-இல் உக்ரைனில் சலுகைகளைக் குறைக்க முற்பட்டபோது செர்னோபில் பணியாளர்கள் கீவ் நகரில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் திரண்டு போராட வேண்டியிருந்தது. இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவும் அதே வருஷம்தான். ரத்தத்தில் என்ன நடந்தது என்று தானே பதக்கத்தில் பொறித்து எழுதிக்கொடுத்த பிறகும் பணம் தர மனம் வராது என்பதற்கு இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்? நல்ல வடிவம் அவசியம். ஆனால் நல்ல வடிவத்தைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளவும் முடியும். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

செர்னோபில் ஊரில் தீயணைப்பு நிலையத்தை ஒட்டி இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. பேர்பெற்ற சிற்பிகள் யாரும் அதைச் செய்யவில்லை. பத்தாம் ஆண்டில், 1996-இல், தீயணைப்பாளர்களே தங்கள் தோழர்களுக்காகச் செய்து வைத்தது. கான்கிரீட் உருவங்கள், தண்ணீர்க் குழாய், உலையின் புகைபோக்கி. கலைக்கூடத்து அளவுகோலில் மார்க் போடுகிறவர்களுக்கு அதில் நயம் தென்படாது. ஆனால் குழாயை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் செய்த குழாய் அது. உலகத்தைக் காப்பாற்றியவர்களுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெரிய வார்த்தையைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நமக்கு இல்லை.

4

தமிழில் 'மீட்பு' என்ற வார்த்தை விசேஷமானது. 'ஐந்து பேர் உயிருடன் மீட்பு' என்று எழுதுகிறோம். அடுத்த வரியிலேயே 'மூன்று உடல்கள் மீட்பு' என்றும் எழுதுகிறோம். எங்கள் வங்கியில் நகைக் கடன் பிரிவில் நாள் முழுக்கக் கேட்கும் வார்த்தையும் இதுதான். அங்கே மீட்பதென்றால் அசலையும் வட்டியையும் எண்ணி வைத்துவிட்டுத் தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டு போவது. விலை கொடுக்காத மீட்பு எங்கள் புத்தகத்தில் கிடையாது. மக்கள் ஒரே வார்த்தையால் உயிரையும் பிணத்தையும் அடகு நகையையும் மீட்கிறார்கள் என்றால் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. போனது நம்முடையது, திரும்பக் கொண்டுவர ஒருவர் விலை கொடுக்கிறார்.

விருது கொடுக்கிறவர்களிடம் இந்தத் தெளிவு இல்லை. அவர்கள் மொழியில் மீட்பு என்றால் உயிர் காப்பது மட்டும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். கரையிலும் முள்காட்டிலும் சேற்றிலும் படகுகளுக்கு அடியிலும் கிடந்த உடல்களை எடுத்தது யார்? பல ஊர் நகராட்சிகளிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். முதல் நாட்களில் கையுறைகூடச் சரியாகக் கிடையாது. சொந்த ஊர்க்காரர்களே கிட்டே போகத் தயங்கிய உடல்களை அவர்கள் தூக்கினார்கள், குழி வெட்டினார்கள், அடக்கம் செய்தார்கள். 2015-இல் சென்னை வெள்ளம் வடிந்த பிறகும் வெளி மாவட்டங்களிலிருந்து இதே தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டு நகரத்தின் அழுகலை வாரினார்கள்.

இவர்களுக்கு எந்தப் பதக்கம்? வீரச் செயல் என்ற தலைப்பில் இவர்கள் வரமாட்டார்கள். உயிர் காத்தல் என்ற தலைப்பிலும் வரமாட்டார்கள். செத்தவனைக் காக்க முடியாதல்லவா? இந்தத் தலைப்புகளை வகுத்தவர்கள் சாதியை மனசில் வைத்து வகுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனசில் வைக்காமலேயே அது வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். அள்ளுவது இவர்கள் தொழில், தொழிலைச் செய்ததற்கு என்ன விருது என்று ஒரு கேள்வி எழும்பி, எழும்பியவுடன் பதிலாகவும் ஆகிவிடுகிறது. மீனவன் வெள்ளத்தில் படகு விட்டால் அதிசயம், துப்புரவுத் தொழிலாளி பிணம் தூக்கினால் இயல்பு. நம்முடைய நன்றி எங்கே முடிகிறதோ அங்கே நம்முடைய அருவருப்பு ஆரம்பிக்கிறது. பேரிடர் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட கவிதைகளில் அலை இருக்கிறது, தாய் இருக்கிறாள், பொம்மை இருக்கிறது. பிணத்தின் கையைப் பிடித்துத் தூக்கியபோது தோல் கழன்று வந்தவனுடைய இரவு எங்கே இருக்கிறது?

5

2023 நவம்பர் 12-இல் உத்தரகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். வெளிநாட்டு இயந்திரம் துளைத்துக்கொண்டே போய்க் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் உடைந்து நின்றது. அந்தக் கடைசி தூரத்தை எலிவளைச் சுரங்க முறை தெரிந்த பன்னிரண்டு பேர் கையால் தோண்டி முடித்தார்கள். 17-ஆவது நாள், நவம்பர் 28-இல், 41 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். எலிவளைச் சுரங்கம் ஆபத்தானது என்று மேகாலயாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்த முறை. தடை செய்யப்பட்ட அறிவைத் தேடிப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது.

மாநில முதல்வர் ஆளுக்கு 50,000 ரூபாய்க் காசோலை கொடுத்தார். அதை மாற்றப்போவதில்லை என்று அவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை வேண்டும் என்றார்கள். இது கேரளத்தில் கேட்ட மறுப்பு அல்ல, வேறு. கொடுத்தது கடனுக்கு ஈடாகாது என்று சொல்லும் மறுப்பு. ஆகவே இதைப் பற்றி நம் பரவசக்காரர்கள் அதிகம் எழுதவில்லை. 2024 பிப்ரவரி கடைசியில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் குடும்பத்தோடு இருந்த வீட்டை ஆக்கிரமிப்பு என்று தில்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. ஒரு காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2012-லிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். நன்றியின் ஆயுள் எவ்வளவு என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசிக்கு எத்தனை மாதம் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க் இடிபாடுகளில் மாதக்கணக்கில் வேலை செய்த தீயணைப்பாளர்களுக்கும் போலீஸாருக்கும் தொழிலாளர்களுக்கும் பதக்கங்களுக்குப் பஞ்சமில்லை. நுரையீரல் கெட்டபோது வைத்தியத்துக்குத்தான் பஞ்சம். 2010 கடைசியில் ஒரு சட்டம் நிறைவேறியது. நோயுற்று இறந்த ஒரு போலீஸ்காரரின் பெயரால் ஜாட்ரோகா சட்டம் என்கிறார்கள். 2019-இல் நஷ்டஈட்டு நிதிக்கு மனுச் செய்யும் கெடுவை 2090 வரை நீட்டித்தார்கள். யாரும் பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. நோயாளிகளே தள்ளாடிக்கொண்டு வாஷிங்டனுக்கு வருஷக்கணக்கில் நடந்து வாங்கியது. ஆனாலும் அந்தத் தேதியைப் பாருங்கள். அன்று வேலை செய்தவர்களில் கடைசி ஆளும் போய்ச்சேரும் வரை கணக்கை மூடமாட்டோம் என்று ஒரு ராஜ்யத்தை எழுதிக்கொடுக்க வைத்திருக்கிறார்கள். அதில் கைகளும் தீபமும் இல்லை. நான் பார்த்ததிலேயே நன்றாக வடிவமைக்கப்பட்ட நினைவு விருது அந்தத் தேதிதான்.

6

இரண்டு ஆட்சேபங்கள் வரும். கலைஞன் சட்டம் போட முடியுமா, அவனால் முடிந்தது ஒரு வடிவம், ஒரு வரி, அதைக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே என்பது ஒன்று. பதக்கமே முதலாளித்துவக் கண்துடைப்பு, கூலி ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் மேற்கட்டுமானத்துச் சமாசாரம் என்பது இன்னொன்று. முதல் கட்சி சௌகரியமானது, இரண்டாவது கட்சி சோம்பேறித்தனமானது.

இரண்டாவது கட்சிக்கு முதலில் பதில். மனிதர்கள் கூலிக்கு மட்டும் வாழ்வதில்லை. தான் செய்தது தெரிய வேண்டும், சரியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எந்த வர்க்கத்துக்கும் பொது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி தன் பெயர் செதுக்கிய பதக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அது மயக்கம் அல்ல. பெயர் செதுக்கியது என்பதே காரணம். முதல் கட்சிக்கு இது: ஒரு வரி எழுதுகிறவன் அந்த வரி என்ன வேலைக்குப் போகிறது என்று விசாரிக்கக் கடமைப்பட்டவன். செர்னோபிலுக்குப் போனவர்களைப் பற்றி உருப்படியாக எழுதப்பட்டதைப் பாராட்டுப் பத்திரங்களில் தேட வேண்டாம். ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அவர்களையும் அவர்கள் மனைவிமாரையும் பேசவைத்து 1997-இல் வெளியிட்ட புத்தகத்தில் அது இருக்கிறது. கேட்டு எழுதினார். அடைமொழி போட்டு வாயடைக்கவில்லை.

ஆகவே, மீட்புப் பணியாளர்களுக்கு நினைவு விருது வடிவமைக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு என் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முன்புறத்தில் கை வேண்டாம். கருவி இருக்கட்டும், அல்லது அளவு இருக்கட்டும். கயிறு, மண்வெட்டி, வள்ளத்தின் முகப்பு, துளையின் விட்டம், 40 விநாடி. அந்த வேலை தெரிந்தவன் பார்த்தால் இது என் வேலை என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

பின்புறத்தில் பெயர், ஊர், தேதி, செய்த காரியம். காரியம் வினைச்சொல்லில் இருக்க வேண்டும். தோண்டினார், தூக்கினார், அடக்கம் செய்தார். அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். கொடுப்பவர் பெயர் எங்குமே வேண்டாம்.

எத்தனை பேர் செய்தார்களோ அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். 'மற்றும் பலர்' என்று ஒரு விருதுப் பட்டியலில் வந்தால் அந்தப் பலரிடமிருந்துதான் பட்டியலை ஆரம்பிக்க வேண்டும். உயிரை மீட்டவருக்கும் உடலை மீட்டவருக்கும் ஒரே பதக்கம், ஒரே உலோகம்.

வடிவத்தை அங்கீகரிக்கும் கமிட்டியில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். நயமில்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் செர்னோபில் தீயணைப்பாளர்களின் கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, பதக்கத்தோடு ஒரு காகிதம் போக வேண்டும். உடைந்த படகுக்கும் இழந்த நாட்கூலிக்கும் ஈடு, ஆயுள் முழுக்க வைத்தியம், செத்தால் குடும்பத்துக்கு என்ன என்பது அதில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்தாகும் வரை உலோகத்தை உருக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுத்தாளன் எப்படிச் சாதிப்பது என்றால், அவனிடம் ஒரு சின்ன ஆயுதம் இருக்கிறது. வாசகம் வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வரட்டும். நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்து, பெயர்ப் பட்டியலையும் அந்தக் காகிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால் நாலு வரி எழுதிக்கொடுங்கள், வினைச்சொற்களாகப் பார்த்து. இல்லையென்றால் மரப்பலகை வெறுமையாகவே போகட்டும். பொய்யைச் சுமந்த பலகையைவிட வெறும் பலகைக்கு விறகாகவாவது உபயோகம் உண்டு.